நகராமல் தாவியவர்

கட்சி தாவியதற்காகப் பதவி இழந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உட்கார்ந்த நாற்காலியை விட்டு ஓர் அங்குலம்கூட அசையாமல் கட்சி தாவி, அதற்காகப் பதவி இழந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் என் மச்சான், அதாவது என் அக்காவின் கணவர். ஊரில் கம்பவுண்டர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தை மச்சானுக்காக இரண்டு பக்கமும் பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, வேலையில்லாத நேரத்தில் நாலைந்து தடவை படித்தவன் என்ற முறையில் அதன் சாரத்தைச் சொல்லிவிட முடியும். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் ஒருவர் தனியாக வேறு கட்சிக்குப் போனால், அதற்குப் பெயர் தாவல். அது துரோகம், பதவி போய்விடும். அதே உறுப்பினர் தன் கட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனால், அதற்குப் பெயர் இணைப்பு. அது கொள்கை முடிவு, மேடை போட்டு வரவேற்பார்கள். பஸ்ஸில் ஒருவன் அடுத்தவர் பையில் கைவிட்டால் திருட்டு, மூன்றில் இரண்டு பங்கு பயணிகள் சேர்ந்து மீதிப் பேரின் பையில் கைவிட்டால் அது பொதுப் போக்குவரத்து என்பது போல.

இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பெரியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். என் வயிற்றெரிச்சலெல்லாம் ஒரு பூட்டைப் பற்றியது.

எங்கள் ஊரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டி முடித்து, வெள்ளையடித்து, பெயர்ப்பலகை மாட்டி, பூட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டரையும் போடவில்லை, நர்ஸையும் போடவில்லை. கட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பிரசவ வலி வந்தால் வேன் பிடித்துப் பெரிய ஊருக்கு ஓட வேண்டும். சாலை நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். சாலை நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகியும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். அவளுடைய முதல் குழந்தை அந்த வேனிலேயே பிறந்து, வேனிலேயே போய்விட்டது. மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை அவருடையது. அன்றைக்கு அந்தக் கையால் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர் யாருக்கும் ஊசி போடவில்லை, தன் மருந்துக் கடையில் மாத்திரை மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் வந்தபோது ஒரு சின்னக் கட்சியின் தலைவர் எங்கள் ஊரில் வேட்பாளர் தேடி அலைந்தார். காசுள்ளவர்கள் யாரும் அந்தக் கட்சியில் நிற்கத் தயாராக இல்லை. யாரோ மச்சானைக் காட்டிவிட்டார்கள்.

"கம்பவுண்டர் சார், நீங்க நில்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் தலைவர்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. அந்தப் பூட்டைத் திறக்கணும்."

"இவ்வளவுதானா? நான்கூட ஏதோ பெருசா கேப்பீங்கன்னு பயந்துட்டேன்!"

அன்று மாலையே மேடையில் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு தலைவர் முழங்கினார்: "சுகாதார மந்திரியைத் தூங்க விடமாட்டேன்! இந்தப் பூட்டு தொங்கற வரைக்கும் அந்த ஆளுக்கு நிம்மதி கிடையாது!" ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மச்சான் ஜெயித்தார். ஊசி போட்டுக்கொண்டவர்களெல்லாம் ஓட்டுப் போட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

சட்டசபையில் அந்தக் கட்சிக்கு மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு கொறடா. அப்படி ஒரு பதவி இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "கொறடான்னதும் பல்லு புடுங்கற குறடு மாதிரி ஏதோன்னு நெனச்சேன் மாப்ளே. கிட்டத்தட்ட சரிதான்" என்றார் மச்சான்.

முதல் நாளே கொறடா அவருக்குப் பாடம் எடுத்தார். "நான் கையைத் தூக்கினா நீங்க தூக்கணும். நான் மேஜையைத் தட்டினா தட்டணும். நான் கோவமா வெளிய போனா நீங்களும் கோவமா வரணும். நடுவுல உங்களுக்கு ஏதாவது தோணினா, தோணாத மாதிரி இருக்கணும்."

"தோணினதைச் சொல்லிட்டா?"

"சட்டப்படி பதவி போயிடும்."

"அப்புறம் எங்க ஊர்க்காரங்க என்னை எதுக்குங்க அனுப்பினாங்க?"

கொறடா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தூக்கறதுக்குக் கை வேணும்ல?"

மச்சான் கண்ணும் கருத்துமாகக் கை தூக்கினார். ஒரே ஒருமுறை, துறைமுக மசோதா மீது ஓட்டெடுப்பு நடக்கும்போது, கால் மரத்துப் போய் எழுந்து நின்றுவிட்டார். கலகம் என்று பேச்சாகிவிட்டது. கால் மரத்துப் போனதற்கு அரசியல் காரணம் எதுவும் இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் கொறடா சமாதானமானார்.

இத்தனைக்கும் நடுவில் மச்சான் ஒரு காரியம் செய்துவிட்டார். எங்கள் ஊர் பிரசவ ஆஸ்பத்திரி எப்போது திறக்கப்படும் என்று சுகாதார அமைச்சருக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். அது ஏற்கப்பட்டு, தேதியும் குறிக்கப்பட்டது. சபையில் கேள்வி வந்துவிட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே ஆக வேண்டுமாம். பாப்பா அப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். கேள்வி வருகிற தேதியையும் அவளுடைய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அக்கா தைரியமாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆளுங்கட்சிக்குள் என்னவோ தகராறு வந்து, அவர்களுக்கு ஆள் குறைந்து போனது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத எங்கள் ஒன்பது பேர் ஒரே நாளில் தங்கமாகிவிட்டார்கள். தலைவர் ஒன்பது பேரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார். செல்போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார். பூட்டுப் போடுவதில் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே கொள்கைதான்.

மச்சானுக்கு மாற்றுத் துணி கொடுக்க நான் போயிருந்தேன். வாசலில் என் பையை உதறிப் பார்த்து, மச்சானுடைய பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகே உள்ளே விட்டார்கள். கூடத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்களை நான் அடைச்சு வெச்சிருக்கறதா வெளிய பேசறாங்க. மனசு கொதிக்குது! நான் அடைச்சு வெச்சிருக்கறது உங்களை இல்லை, உங்க மனசாட்சியை. நீங்க எல்லாரும் விலைக்கு வாங்க முடியாதவங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வாசல்ல பதினாறு பேரைக் காவல் போட்டிருக்கேன். யாராவது எதிர்க்கட்சிக்காரன் வந்து ஒருத்தர் ஒருத்தரா உங்களைப் பேசி இழுத்தா நான் சும்மா இருப்பேனா? போனா மொத்தமா போகணும். அதுதான் கண்ணியம்."

எட்டு பேர் மேஜையைத் தட்டினார்கள். மச்சானும் தட்டினார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். நான் அவர் காதில் சொன்ன விஷயம் அப்படி. பாப்பாவுக்குக் காலையிலிருந்து ரத்தம் படுகிறது, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று அக்கா என்னிடம் போனில் சொல்லியிருந்தாள்.

மச்சான் கொறடாவிடம் போய் நின்றார். "என் மகளை ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. போயிட்டு வந்துடறேன்."

"இப்ப வெளிய போனீங்கன்னா விலை போயிட்டாருன்னு பேப்பர்ல வரும்."

"என் மகளுங்க."

"அது சரி. எந்தக் கட்சிக்காரங்க நடத்தற ஆஸ்பத்திரி?"

மச்சான் சட்டென்று திரும்பி நடந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது மிகவும் குறைவு. சமையலறைப் பக்கம் காய்கறி இறக்கிவிட்டுக் கிளம்பிய வேனில் இருவரும் காலி கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தோம். மக்கள் பிரதிநிதி ஒருவர் தன் மகளைப் பார்க்க முட்டைக்கோஸ் கூடைக்குள் பதுங்கி வர வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மச்சானோ அந்த வேன் டிரைவரிடம் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: "முதல் குழந்தை போனது வழியில. இந்தத் தடவை வலி வந்தா அரை மணி நேரத்துல டாக்டர் கையில இருக்கணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் மச்சானிடம் போன் இல்லை, பேப்பர் பார்க்கிற மனநிலையும் இல்லை. நேராகச் சட்டசபைக்குப் போனார். நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன்.

மச்சான் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் எட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஓட்டலில் இருந்து பஸ் வர நேரமாகிறது போல என்று நினைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு எதிரே பார்த்தார். எட்டு பேரும் ஆளுங்கட்சி வரிசையில் இருந்தார்கள். ஒருவர் அவரைப் பார்த்துக் கையசைத்தார். முதல் வரிசையில், புதுச் சட்டையில், சுகாதார அமைச்சருடைய இருக்கையில் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். மச்சான் முட்டைக்கோஸ் வேனில் ஏறிய அன்று மாலையே எட்டு பேர் கூடி, கட்சியை ஆளுங்கட்சியோடு இணைப்பதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். பதிலுக்குத் தலைவருக்கு மந்திரி பதவி; உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் மந்திரியாக இருக்கலாமாம். ஒன்பதில் எட்டு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே இருக்கிறது. சட்டம் அவர்களைத் தொட முடியாது, தட்டிக்கொடுக்கத்தான் முடியும்.

மச்சானுக்கு வந்ததோ கோபமில்லை, சந்தோஷம். இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் அப்படிப்பட்ட மனிதர். இடைவேளையில் என்னிடம் ஓடி வந்தார். "மாப்ளே, நம்ம தலைவரே சுகாதார மந்திரி! இனிமே யாரைப் போய்க் கேக்கணும்? பூட்டு திறந்தாச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடு!"

அன்று மதியமே தலைவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"கம்பவுண்டர் சார், அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிடுங்க" என்றார் தலைவர்.

"கேள்வி எதுக்குங்க, நீங்க பூட்டைத் திறந்துட்டா போதும்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு. இப்ப நான் திறந்தா, முன்னாடி பூட்டி வெச்சது தப்புன்னு ஆயிடும். பூட்டி வெச்சவங்க யாரு? ஆளுங்கட்சி. ஆளுங்கட்சி யாரு? நாமதான். நம்ம தப்பை நாமளே கேள்வி கேட்டு நாமளே பதில் சொன்னா ஜனங்க குழம்பிட மாட்டாங்களா?"

"மேடையில பேசினீங்களே. மந்திரியைத் தூங்க விடமாட்டேன்னு."

"நான் தூங்கறேன்னு யாரு சொன்னா?" என்றார் தலைவர். அவர் குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது.

மச்சான் கேள்வியை வாபஸ் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை கொறடா சபாநாயகரிடம் ஒரு மனு கொடுத்தார். எங்கள் மச்சான் கட்சி தாவிவிட்டார், அவருடைய பதவியைப் பறிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

விசாரணை சபாநாயகருடைய அறையில் நடந்தது. பெரிய அறை. சபாநாயகரும் ஆளுங்கட்சியிலிருந்து வந்தவர்தான், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த உடனே கட்சி அவரை விட்டு ஆவியாகப் போய்விட்டதாக அவரே சொன்னார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கட்டுக் கட்டாக மனுக்கள். வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு பேர் தாவியதைப் பற்றிய மனுக்கள் அவை. சில மனுக்கள் யார் மீது போடப்பட்டனவோ, அவர்கள் பதவிக்காலம் முடிந்து, வயதாகி, காலமும் ஆகிவிட்டிருந்தார்கள். எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"ஐயா, அதெல்லாம் அப்படியே இருக்கே. இது மட்டும் நேத்து குடுத்து இன்னைக்கு விசாரணையா?"

சபாநாயகர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவையெல்லாம் மிக ஆழமான சட்டப் பிரச்சினைகள் தம்பி. நிறைய பேர் சம்பந்தப்பட்டவை, ஆட்சியே சம்பந்தப்பட்டவை. ஆழமான விஷயத்தில் அவசரப்பட்டால் நீதி செத்துவிடும். உங்கள் மச்சான் விஷயம் மேலோட்டமானது. ஒரே ஆள். இதைத் தாமதப்படுத்தினால் அதுவும் அநீதி."

பிறகு கொறடா எழுந்தார். "கட்சி அந்தப் பக்கம் போச்சு. இவர் கூட வரலை. ஆக, இவர் கட்சியை விட்டு விலகிட்டார்."

"நான் எங்கயும் போகலீங்க. ஜனங்க அனுப்பின கட்சியில, குடுத்த சீட்டுல, அங்கயேதான் உக்காந்திருக்கேன்" என்றார் மச்சான்.

"அதுதான் உங்கள் மீதான குற்றச்சாட்டு" என்றார் சபாநாயகர்.

சாட்சியாக அவைக்காவலர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். இவர் அன்று இடத்தை விட்டு அசைந்தாரா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க."

"ஒருமுறைகூட?"

"தண்ணி குடிச்சாருங்க."

"கட்சி கண்ணெதிரே எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும்போது, இவர் தண்ணீர் குடித்திருக்கிறார்" என்று சபாநாயகர் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டார்கள்.

மச்சானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தது எனக்குத் தெரிந்தது. மேஜையருகே போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஐயா, எனக்குக் கட்சியெல்லாம் பெரிசில்லை. நான் அந்தப் பக்கமே வந்து உக்காந்துக்கறேன். எங்க உக்காரச் சொன்னாலும் உக்காரறேன். என் கேள்வியை மட்டும் கேக்க விட்டுடுங்க."

அறையில் இருந்த எல்லோரும் திடுக்கிட்டார்கள். கொறடா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. சபாநாயகர் மெதுவாக எழுந்து நின்றார்.

"என்ன வார்த்தை சொன்னீர்கள்! இப்போது நீங்கள் தனியாக அந்தப் பக்கம் போவதா? அதற்குப் பெயர்தான் கட்சித் தாவல்! என் முன்னாலேயே, என் அறையிலேயே சொல்கிறீர்கள்!"

"அவங்க எட்டு பேரும் அங்கதானே போனாங்க?"

"அவர்கள் போகவில்லை. இணைந்தார்கள்."

"நானும் இணைஞ்சுடறேனே."

"உங்களுடைய மூன்றில் இரண்டு பங்கு எங்கே?"

மச்சான் தன்னைத்தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் பங்கைக் கொடுத்தால் விடுவார்கள் என்று அவர் யோசிப்பது போலத்தான் இருந்தது.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. சபாநாயகர் அதைச் சபையில் வாசித்தார். அதிலிருந்து ஒரு பகுதியை நான் என் கடையிலேயே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்:

"கட்சி என்பது கொடி அல்ல, கட்டடம் அல்ல. கொள்கையும் அல்ல, ஏனெனில் கொள்கை மாறக்கூடியது. கட்சி என்பது எண்ணிக்கை. எண்ணிக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்சி இருக்கிறது. எட்டு பேர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமும் இருக்கும்போது, பிரிந்து சென்றவர் அந்த ஒருவரே. அவர் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தாவுவதற்குக் கால்கள் அவசியம் என்று சட்டத்தில் எங்கும் கூறப்படவில்லை. நின்ற இடத்தில் நின்றதன் மூலம் இவர் தாவியிருக்கிறார். வாக்களித்த மக்களின் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, அந்த மக்கள் தேர்ந்தெடுத்த இவரை நீக்குகிறேன்."

எல்லாப் பக்கமும் மேஜை தட்டும் சத்தம். இப்போது தட்டியவர்களில் கடற்கரை ஓட்டலுக்குப் போய் வந்த எட்டு பேரும் இருந்தார்கள். கட்சித் தாவலுக்கு எதிராக அவர்களைப் போல யாரும் அவ்வளவு பலமாகத் தட்டவில்லை. வெளியே வந்ததும் மச்சான் என்னிடம் கேட்டார்: "மாப்ளே, நான் இப்ப எந்தக் கட்சி?"

ஆனால் அவர் எழுதிக் கொடுத்த கேள்வி மட்டும் பதவி இழக்கவில்லை. அதை முன்பே அச்சடித்துவிட்டார்கள். பட்டியலில் அது அதன் இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. "ஆளைத்தானே எடுத்தாங்க, கேள்வி இருக்குல்ல? மந்திரி பதில் சொல்லித்தானே ஆகணும்?" என்றாள். பாப்பாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு அவள் புருஷனை வீட்டில் விட்டுவிட்டு அக்கா, மச்சான், நான் மூன்று பேரும் புறப்பட்டோம். மச்சானை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தாவியவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாம். அவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். நானும் அக்காவும் மாடத்தில் போய் உட்கார்ந்தோம்.

கேள்வி நேரம் ஆரம்பித்தது. ஒருவர் அணில்களைப் பற்றிக் கேட்டார். ஒருவர் அமைச்சருக்கு நன்றி தெரிவிக்க விரும்புவதாகக் கேள்வி கேட்டார். அப்புறம் எங்கள் கேள்வியின் எண்ணைச் சபாநாயகர் வாசித்தார். வாசித்துவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்தார்.

"கேட்பதற்கு உறுப்பினர் இல்லை. எனவே இந்தக் கேள்வி எழவில்லை. அடுத்தது."

பதிலுக்குத் தயாராக எழப் போன தலைவர், பாதி எழுந்த நிலையிலிருந்து நிம்மதியாக உட்கார்ந்தார்.

"எழுந்திருச்சிடுச்சு!"

அக்காதான். எப்போது எழுந்து நின்றாள் என்று எனக்கே தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "கேள்வி எழுந்திருச்சு, நல்லா பாருங்க! நான் கேக்கறேன்! அந்த ஆஸ்பத்திரியை எப்ப திறப்பீங்க?"

சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. சபாநாயகர் மேஜை மீதிருந்த சுத்தியலால் நாலைந்து தடவை தட்டினார். "யார் அது? எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல. என் மக மாசமா இருக்கா!"

"கட்சி இல்லாதவர்கள் பேசியது எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது" என்றார் சபாநாயகர். அதற்குள் இரண்டு பெண் காவலர்கள் அக்காவின் கையைப் பிடித்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "சத்தம் போடாம வாங்கக்கா, எனக்கும் ஒரு மக இருக்கா" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அதுவும் குறிப்பில் ஏறியிருக்காது.

அக்காவை வெளியே கொண்டுவந்து கேட் அருகே விட்டார்கள். மச்சான் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். யாரும் எதுவும் பேசுவதற்குள் அமைச்சருடைய கார் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. தலைவர்தான். ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு பாசம்.

"என்னம்மா தங்கச்சி, இப்படிப் பண்ணிட்டீங்க? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே! சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்க தொகுதி இப்ப காலியா இருக்கு. இடைத்தேர்தல் வருது. நம்ம கட்சியில நீங்களே நில்லுங்க. ஜெயிச்சு வாங்க. முறைப்படி உள்ள உக்காந்து கேள்வியைக் கேளுங்க. நானே எழுந்து பதில் சொல்றேன், போதுமா?"

"எப்பங்க தேர்தல்?" என்று கேட்டாள் அக்கா.

"ஆறு மாசத்துக்குள்ள நடத்தியாகணும். அதுதான் சட்டம்."

"என் மகளுக்கு அடுத்த வாரம் நாளு."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். அவர் மனதாரத்தான் யோசித்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சட்டத்தை நாம மாத்த முடியாது பாருங்க. பொண்ணைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். அக்காவின் போன் அடித்தது. பாப்பாதான். கேள்வி நேரம் முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று பேருக்கும் கேட்கட்டும் என்று நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, கேள்வி வந்துச்சா? மந்திரி என்ன சொன்னாரு?"

அக்கா மச்சானைப் பார்த்தாள், மச்சான் என்னைப் பார்த்தார். ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"உன்னைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னாரும்மா."



"போன தடவையும் நான் பொறுத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றாள் பாப்பா.